இடது புருவத்தில் ஒரு வெட்டு

அந்தத் தெருவில் அவனுக்கு 'சிரிக்காதே' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கிறது, அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். விசா போட்டோ எடுக்கிற கடை வைத்திருக்கிறான். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து சாயங்காலம் இறக்குகிற வரைக்கும் நாற்பது தடவையாவது அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவான். "சிரிக்காதீங்க. பல்லு தெரியக் கூடாது. காது ரெண்டும் தெரியணும்." நாட்டை விட்டுப் போகிற சந்தோஷத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் இதையே சொல்லிச் சொல்லி, அவன் முகமும் வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்த முகமாகிவிட்டது.

கடை என்றால் பெரிய கடை ஒன்றும் இல்லை. வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, ஒரு ஸ்டூல், ஒரு கம்ப்யூட்டர், கயிற்றில் கட்டின ஒரு சீப்பு. கட்டாவிட்டால் சீப்பும் வெளிநாடு போய்விடும். ஸ்டூலில் யார் உட்காரப் போனாலும் அவனுடைய வலது கால் தானாகப் போய் அதன் காலை மிதித்துக்கொள்ளும். ஆள் நன்றாக உட்கார்ந்த பிறகுதான் எடுப்பான். ஸ்டூலும் ஆடாது, தரையும் மேடுபள்ளம் இல்லை. ஏன் என்று கேட்டால் "பழக்கம்" என்பான்.

சுவரில் அவனே எழுதி ஒட்டிய தாள் ஒன்று உண்டு: 'விசா போட்டோவில் பரு, மச்சம், வழுக்கை எதுவும் மாற்றப்பட மாட்டாது. கெஞ்ச வேண்டாம்.'

கெஞ்சத்தான் செய்வார்கள். ஒருநாள் மூக்கு நுனியில் மச்சம் வைத்திருந்த ஒரு லாரி டிரைவர் கேட்டார். "தம்பி, இத மட்டும் லேசா எடுத்து விடேன். பாக்க ஈ உக்காந்த மாதிரி இருக்கு."

"எடுத்துட்டா ஏர்போர்ட்ல நிறுத்தி, ஈ எங்கன்னு கேப்பாங்க. பரவாயில்லையா?"

டிரைவர் ஈயோடு போனார். மற்றவர்கள் முகம் என்றால் அவனுக்குச் சட்டம் தலைகீழ்ப் பாடம்.

அவனுக்கு ஒரே தங்கை. வீட்டில் அவளைப் பூச்சி என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதிலிருந்தே எதையாவது டப்பாவில் பிடித்து வைத்துக்கொண்டு, அது என்ன தின்கிறது, எப்போது தூங்குகிறது என்று நோட்டில் எழுதுகிற ஜாதி. அரிசி டப்பாவில் வண்டு விழுந்தால் எல்லார் வீட்டிலும் அம்மா கத்துவார்கள். இவர்கள் வீட்டில் அம்மா கத்துவதற்குள் இவள் ஓடிப்போய் வண்டை எண்ணுவாள்.

அந்தப் பூச்சிக்கு வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று, தானியக் கிடங்குகளைத் தின்கிற வண்டுகளைப் பற்றி இரண்டு வருஷம் படிக்க, கட்டணம் இல்லாமல் ஒரு இடம் கொடுத்தது. உலகம் முழுக்க ஆறே பேருக்கு.

"வீட்டுல இருக்கற வண்டு பத்தலையாடி? அங்க போய் வேற பாக்கணுமா?" என்று அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு, பக்கத்து வீடு, எதிர்வீடு, மாடிவீடு என்று ஒன்று விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். விசா மட்டும்தான் பாக்கி.

விண்ணப்பம் கொடுக்கிற நாள் காலையில் பூச்சி கடைக்குள் ஓடி வந்தாள். முந்தின வாரமே போட்டோ எடுத்திருக்கலாம். சொந்த அண்ணன் கடை, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று கடைசி வரை விட்டுவிட்டார்கள். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள்.

"அண்ணா, சீக்கிரம். பதினொரு மணிக்கு அங்க இருக்கணும்."

"முடிய காதுக்குப் பின்னால தள்ளு. சிரிக்காதே."

"உன்னப் பாத்தா யாருக்குடா சிரிப்பு வரும்?"

எடுத்தான், கழுத்துக்குக் கீழே வெட்டினான், அச்சடித்தான். ஆறு படம் வந்தது. இரண்டை உறையில் போட்டுக்கொண்டு ஓடினாள். மிச்சம் நாலை இழுப்பறையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கடைக் கம்ப்யூட்டரில்தான் திறந்தாள். முதல் வரியிலேயே மறுத்திருந்தார்கள். காரணம் மூன்றாவது வரியில் இருந்தது. அளிக்கப்பட்ட புகைப்படம் கணினியில் மாற்றப்பட்டது, பாஸ்போர்ட்டில் உள்ள முகத்தோடு பொருந்தவில்லை, விண்ணப்பதாரர் யார் என்பதில் எங்களுக்குத் திருப்தியில்லை.

"மாத்துனதா?" என்றாள் பூச்சி. "என்னத்த மாத்துனாங்களாம்?"

அவன் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

அவளுடைய இடது புருவத்தில், நடுவில் முடி முளைக்காத ஒரு வெட்டு இருக்கிறது. அவளுக்கு ஐந்து வயது, அவனுக்கு ஒன்பது. அன்றைக்கெல்லாம் அவனுக்குச் 'சிரிக்காதே' என்று பெயர் கிடையாது. சிரித்துச் சிரித்தே அடி வாங்குகிறவன். அவள் பெரிய மனுஷி மாதிரி ஸ்டூலில் உட்காரப் போன நேரம் அதைப் பின்னாலிருந்து இழுத்தான். எல்லாப் பிள்ளைகளும் செய்கிற விளையாட்டுதான். ஆனால் அவள் சரிந்து, தகரப் பெட்டியின் முனையில் போய் விழுந்தாள். நாலு தையல். கண் தப்பியது என்று டாக்டர் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டான்.

கம்ப்யூட்டரில் முகத்தைத் திருத்தக் கற்றுக்கொண்டதும் அவன் முதலில் திருத்தியது அந்தப் புருவத்தைத்தான். வலது புருவத்திலிருந்து கொஞ்சம் எடுத்துத் திருப்பி இடதில் வைத்தால் வெட்டு இருந்த இடம் தெரியாது. பள்ளிக்கூட அட்டை, பஸ் பாஸ், கல்லூரிப் படம், சித்தி வீட்டுக் கல்யாண ஆல்பம் என்று பத்து வருஷமாக அவள் படம் எது வந்தாலும் முழுப் புருவம்தான். யாரும் செய்யச் சொன்னதில்லை. செய்ததை யாரும் கேட்டதுமில்லை. அன்றைக்கும் கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது. செய்தது அவனுக்கே தெரியாது. அவளும் படத்தைப் பார்த்தாள், அம்மாவும் பார்த்தாள். போட்டோவில் அவள் எப்போதும் இருக்கிற மாதிரிதான் இருந்தாள். பாஸ்போர்ட் படத்தை மட்டும் அந்த அலுவலகத்துக் கேமராவே எடுத்திருந்தது. அதற்கு அண்ணன் கிடையாது.

"புருவமா?" என்றாள், கண்ணாடியைப் பார்க்காமல் விரலால் தடவிக்கொண்டு.

"ம்."

"எல்லாருக்கும் தாள் எழுதி ஒட்டி வெச்சிருக்கியே அண்ணா."

அவ்வளவுதான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குப் பிழைத்த மாதிரி இருந்திருக்கும்.

மறுநாள் விசா விண்ணப்பம் வாங்குகிற அலுவலகத்துக்குப் போனான். வாசலில் காவலாளி நிறுத்தினார். "விண்ணப்பம் போட்டவங்க மட்டும்தான் உள்ள."

"தப்பு பண்ணவன் நான். நான்தானே சார் போய்ச் சொல்லணும்?"

காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். அந்த வாசலில் இப்படி ஒரு கோரிக்கையை அவர் கேட்டதில்லை போலிருக்கிறது, விட்டுவிட்டார். உள்ளே கவுண்டரில் இருந்த பெண் அவன் கொண்டுபோன கடிதத்தையும், திருத்தாத படத்தையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"உங்க தங்கச்சின்னு புரியுது. ஆனா நாங்க கவர் வாங்கி அனுப்புறவங்கதான் சார். முடிவு பண்றவங்க எங்க இருக்காங்கன்னு எங்களுக்கே தெரியாது."

"ஒரு போன் நம்பர்?"

"இருந்தா நானே ரெண்டு கேள்வி கேட்டிருப்பேன்."

புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றாள். அதற்குத் தேதி கிடைப்பது ஆறு வாரம் கழித்துத்தான். கல்லூரி திறக்க மூன்று வாரம். பூச்சி கல்லூரிக்கு எழுதினாள். வருந்துகிறோம், கட்டணமில்லாத இடத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்க விதியில்லை, வரிசையில் ஏழாவதாக இருந்தவருக்கு அளிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. கடைசி வரியில் வண்டுகளிடம் அவளுக்கு இருக்கும் ஆர்வத்தைப் பாராட்டியிருந்தார்கள்.

அம்மா, பக்கத்து வீடு, எதிர்வீடு, மாடிவீடு என்று மறுபடியும் போக வேண்டியிருந்தது. "தேதி தள்ளிப் போச்சு" என்று சொல்லி வைத்தாள். யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அம்மாவுக்கே வரவில்லை.

பூச்சி அடுத்த வருஷமும் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். அதில் 'இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா?' என்ற கட்டத்தில் ஆம் என்று நிரப்பினாள். அந்தத் தடவை வேறு கடையில் போய்ப் படம் எடுத்தாள். எங்கே எடுத்தாள் என்று அவன் கேட்கவில்லை. கல்லூரியே இடம் கொடுக்காததால் விசா வரைக்கும் போகவில்லை. நோட்டுகளைக் கட்டி, எந்தத் தகரப் பெட்டியின் முனையில் விழுந்தாளோ அதற்குள்ளேயே வைத்தாள். வேறு பெட்டி வீட்டில் இல்லை, அதனால்தான்.

பிறகு வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய்ப் பூச்சி மருந்து அடிக்கிற கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. "எந்த மாதிரிப் பூச்சிங்க? எத்தனை கால்?" என்று இவள் கேட்டால் ஆட்கள் பயந்துபோய் இரண்டு தடவை அடிக்கச் சொல்கிறார்களாம். முதலாளிக்குப் பரம திருப்தி.

கம்பெனி அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்று ஒருநாள் காலையில் நீலச் சட்டையோடு கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்காரப் போனாள். அவன் கால் போய் மிதித்துக்கொண்டது.

"இதுக்குச் சிரிக்கலாமா?"

"இதுக்குச் சிரிக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. எடுத்தான். திரையில் முகம் பெரிதாக வந்தது. மௌஸ் தானாகப் புருவத்தை நோக்கிப் போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே நாலு படம் அச்சடித்தான்.

அவள் படத்தைத் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுல அந்த வெட்ட எடுத்திருக்கலாமே அண்ணா. இத யாரு பாக்கப் போறாங்க?"

"இப்ப எடுக்கட்டுமா? ரெண்டு நிமிஷம்."

யோசித்தாள். "வேண்டாம். மணியாச்சு."

ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். மிச்சம் மூன்றை வைக்க இழுப்பறையைத் திறந்தான். விசாவுக்கு எடுத்ததில் மிஞ்சிய நாலும் அங்கேயே கிடந்தன, முழுப் புருவத்தோடு. மூன்றையும் நாலையும் ஒரே உறையில் போடுவதா, தனித்தனியா என்று தெரியாமல் நின்றான்.

"அண்ணே, விசாவுக்குப் போட்டோ எடுக்கணும்" என்று வாசலில் யாரோ பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவன் இழுப்பறையை மூடிவிட்டுப் போய் ஸ்டூல் காலை மிதித்துக்கொண்டான்.