எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை

என் கணவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றதும், முடி கொட்டும், வாந்தி எடுப்பார் என்றுதான் எங்கள் ஊர் விழிதியூரே எதிர்பார்த்தது. இரண்டும் நடக்கவில்லை. புதுச்சேரி மருத்துவமனையில் ஏற்றியது வேறு வகை மருந்து. "கட்டி நம்ம எதிர்ப்பு சக்திக்குப் பிரேக் போட்டு வச்சிருக்கும்மா. இந்த மருந்து அந்தப் பிரேக்க எடுத்துவிடும். மத்தத அவர் ஒடம்பே பாத்துக்கும்" என்றார் டாக்டர்.

எதிர்ப்பு சக்தி என்ற பேச்சு ஊருக்குள் பரவியதுதான் தாமதம். கொரோனாவில் பழகிய சொல், விடுவார்களா? நாத்தனார் நிலவேம்புக் கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்தார். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் இவரோடு வேலை பார்க்கும் பாய், கருஞ்சீரகத்தையும் தேனையும் கொடுத்தனுப்பினார். அடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. அவரவர் கொடுத்ததுதான் வேலை செய்தது என்று அவரவர் சொல்லிக்கொண்டார்கள். எதைக் கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வந்த நாட்கள் அவை.

சித்திரையில் அவருக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. "கஷாயம் வயித்தச் சுத்தம் பண்ணுது அண்ணி, கெட்டதெல்லாம் போவட்டும்" என்றார் நாத்தனார். எல்லோரும் நம்பினோம். ஜவ்வரிசிக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ரத்தமாகப் போனதும்தான் கார் பிடித்து ஓடினோம்.

"கஷாயத்தால இல்லம்மா" என்றார் டாக்டர். "பிரேக் இல்லாததால அவர் எதிர்ப்பு சக்தி அவர் குடலையே தாக்குது. ஸ்டீராய்டு கொடுத்து அத அடக்கணும். அந்த மருந்த இனிமே ஏத்த முடியாது."

"அப்ப கட்டி?"

"சிலருக்கு மருந்த நிறுத்தினாலும் வளராம இருக்கும். சிலருக்கு வளரும். இவருக்கு எப்படின்னு என்னால சொல்ல முடியல."

எனக்கு அந்த டாக்டர் மேல் கோபம் வந்தது. கோபப்பட வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். பார்க்க வருகிறவர்கள் இன்னமும், "எதிர்ப்பு சக்திக்கு என்ன கொடுக்குறீங்க?" என்று விசாரிக்கிறார்கள். நான் காப்பி போட எழுந்துபோய்விடுகிறேன்.

நேற்றுக் காலை ஸ்டீராய்டு மாத்திரையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"கட்டிய அடிச்சிக்கிட்டு இருந்தது என் ஒடம்புதானே. அதப் போயி அடக்கச் சொல்றியே."

"குடல் ஆறணும்ங்க. முழுங்குங்க."

வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். குடலைக் காப்பாற்றுகிறேனா, கட்டிக்கு வழி விடுகிறேனா தெரியாமல், அவரிடம் தண்ணீரை நீட்டினேன்.