ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு ஒரு சத்தமில்லாத ஃபயர்வால்

1. மூன்று ஃபேன்

பரமேஸ்வரி அக்காவின் ஆயர் ஈத்தாம் ஃபிளாட் ஹாலில் நான் முதலில் வைத்த ஃபயர்வால் பெட்டிக்கு மூன்று ஃபேன். பவர் சப்ளையில் ஒன்று, சிபியு மேல் ஒன்று, போதாததற்கு முன்பக்கத்தில் நானே முடுக்கிய இன்னொன்று. அன்றைக்கு அதில் எனக்குப் பெருமை வேறு.

தொண்ணூறுகளின் கடைசி. பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினாறு வருடம் டெஸ்டிங் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தேன். ஆள் குறைப்பில் வெளியே அனுப்பினார்கள். ஜார்ஜ் டவுனில் தாஸ் அண்ணன் நடத்திய கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். பெண் ஒருத்தி ஸ்க்ரூடிரைவரோடு வருகிறாளே என்று வாசலிலேயே முகம் சுளித்த வாடிக்கையாளர்கள் உண்டு. அக்கா அப்படியில்லை. வந்தவுடன் உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தார்.

அக்கா ஒரு வக்கீல் ஆபீசில் ஸ்டெனோவாக இருந்தவர். அவர் கணவர் நடராஜா அண்ணன் துறைமுக ஆபீசில் கிளார்க். பக்கவாதம் வந்து அவர் படுத்துவிட்டதும் அக்கா வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே டைப்பிங் எடுத்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பழைய கையெழுத்துப் பத்திரங்களை ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் அனுப்பும். ஒரு கம்ப்யூட்டரில் பக்கங்கள் இறங்கிக்கொண்டிருக்கும், பக்கத்திலிருக்கும் இன்னொன்றில் அக்கா அடித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் எவனோ இன்டர்நெட் வழியாக உள்ளே புகுந்து ஒரு வார வேலையை அழித்துவிட்டான். வீட்டு நெட்வொர்க்குக்கு ஃபயர்வால் போட்டால்தான் வேலை தொடரும் என்று கம்பெனி எழுதிவிட்டது. அண்ணனின் மருந்தும் வீட்டு வாடகையும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தன.

அப்போதெல்லாம் வீட்டு ஃபயர்வால் என்றால் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து, அதற்குரிய மென்பொருளைப் போட்டு, மோடத்துக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் காவலுக்கு உட்கார வைப்பதுதான். உள்ளே வருவதும் வெளியே போவதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நாள் முழுக்க ஓட வேண்டும். கடையில் கிடந்த டவர் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு போனேன்.

அந்த ஃபிளாட்டில் டெலிபோன் பாயின்ட் ஹாலில் மட்டும்தான். அதற்குப் பக்கத்திலேயே அண்ணனின் கட்டில். வயரை அக்கா டைப் அடிக்கும் அறைவரை நீட்டிப் பார்த்தேன். பழைய லைன், மோடம் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் அறுந்தது. வேறு வழியில்லாமல் அவர் தலைமாட்டில் இருந்த குட்டி மேசையிலேயே பெட்டியை வைத்தேன்.

“தங்கச்சி, கொஞ்சம் இரையுதே,” என்றார் அக்கா.

“எங்கக்கா? சத்தமே இல்ல.”

“இல்லமா, ஊன்னு ஒரு மாதிரி...”

“மெஷின்னா அப்படித்தான்கா இருக்கும். ரெண்டு நாள்ல பழகிடும்.”

நான் பொய் சொல்லவில்லை. என் காதுக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. தொழிற்சாலையில் என் இடம் பர்ன்-இன் அடுப்புகளுக்கு நடுவில். சர்க்யூட் போர்டுகளை மணிக்கணக்கில் சூட்டில் ஓடவிட்டுச் சோதிக்கும் இடம் அது. எந்நேரமும் நூறு ஃபேன் இரையும். அங்கே வேலை பார்த்த எவருக்கும் மெஷினைக் காதால் பார்க்கும் பழக்கம் கிடையாது. பச்சை விளக்கு எரிந்தால் நல்ல மெஷின், சிவப்பு எரிந்தால் கெட்ட மெஷின். இந்தப் பெட்டியில் பச்சை எரிந்தது. எனக்கு அது போதும்.

கிளம்பும்போது நடராஜா அண்ணன் இடது கையைத் தூக்கி அசைத்தார். பெட்டியைக் காட்டினாரோ என்னவோ. நான் சிரித்துவிட்டு, பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இன்றும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

2. போன்

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காலை பத்து மணி சுமாருக்கு அக்கா கடைக்குப் போன் செய்தார். லைன் போய்விட்டதாக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

“விமலா, அண்ணன் விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரில இருக்கோம். கம்பெனிக்கு ஒரு மெயில் போடணும், எனக்குக் கையே ஓடல. நீ கொஞ்சம் வீட்டுக்குப் போயி அனுப்புறியா? சாவி பக்கத்து வீட்ல இருக்கு.”

இடுப்பெலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுதான் முழு விஷயமும் தெரிந்தது. பக்கவாதத்தில் அண்ணனுக்கு வலப்பக்கம் முழுவதும் செயலிழந்திருந்தது. பேச்சு வரும், ஆனால் குரலில் பலமில்லை. வீடு அமைதியாக இருந்தால் “பரமு” என்று அவர் கூப்பிடுவது அறையில் டைப் அடிக்கும் அக்காவுக்குக் கேட்கும். மணி, விசில் எதுவும் அதுவரை தேவைப்படவில்லை. அவருக்கிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

அன்று சிறுநீர்ப் பாத்திரம் வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். அக்காவுக்குக் கேட்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டிருக்கிறார். படுக்கையை ஈரம் செய்துவிடுவோமோ என்ற வெட்கத்தில் தானே எழுந்திருக்கப் பார்த்து விழுந்திருக்கிறார். அக்கா டீ போட எழுந்து வந்தபோது தரையில் கிடந்தார்.

“பக்கத்து ரூம்ல இருந்தும் எனக்குக் கேக்கலியே,” என்று அக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

3. அவர் கட்டிலில் படுத்தேன்

தாஸ் அண்ணனிடம் சொன்னதற்கு, “வயசானவரு, விழுறதுதான். அதுக்கு நம்ம பெட்டி என்னா பண்ணும்? சும்மா உன் தலைல போட்டுக்காத லா,” என்றார். கெட்ட மனிதர் இல்லை, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

எனக்குத் தெரிந்தது டெஸ்டிங் ஒன்றுதான். மறுநாள் அக்கா துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது நானும் போனேன். அவரை டைப் அடிக்கும் நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் அண்ணனின் கட்டிலில் படுத்து, அவர் குரல் எவ்வளவு இருக்குமோ அவ்வளவாக, “பரமு” என்று கூப்பிட்டேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

பதில் இல்லை. நான்கு முறை கூப்பிட்டேன்.

எழுந்து சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி படுத்துக் கூப்பிட்டேன்.

“கேக்குது,” என்றார் அக்கா அறையிலிருந்து. அதற்குப் பிறகு அவர் அழுகிற சத்தம் கேட்டது. அதுவும் நன்றாகவே கேட்டது.

பதினாறு வருடத்தில் ஆயிரக்கணக்கான போர்டுகளை ஃபெயில் என்று ஒதுக்கியிருக்கிறேன். அந்தக் கட்டிலில் படுத்திருந்தபோதுதான் ஃபெயில் என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது.

4. வாட்டைக் குறைத்தால்தான் சத்தம் குறையும்

ஃபயர்வால் இல்லாவிட்டால் வேலை இல்லை. இரைந்தால் அண்ணனின் குரல் இல்லை. அவர் வீடு திரும்ப மூன்று வாரமாகும் என்றார்கள். அதற்குள் வேறு பெட்டி தேட வேண்டும்.

முதலில் ஃபேனுக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தேன். மெதுவாகச் சுற்றியது, ஆனால் ஹார்ட்டிஸ்க் கீச்சென்றது. என் காதை நம்ப முடியாதென்பதால் தாஸ் அண்ணனைக் கூப்பிட்டு மேசையில் காதை வைத்துக் கேட்கச் சொல்வேன். “கொசு மாதிரி கத்துது” என்பார். சரியென்று ஹார்ட்டிஸ்க்கையே கழற்றினேன். மென்பொருள் ஒரே பிளாப்பியில் அடங்கியது. ஸ்டார்ட் ஆகும்போது ஒரு தடவை படித்துவிட்டால் பிறகு மெமரியிலேயே ஓடும். மதர்போர்டோடு சிபியுவையும் மாற்றி, ஃபேன் தேவைப்படாத பழைய 486 சிப் போட்டேன். மோடம் வேகத்துக்கு அதுவே அதிகம். ஆனால் பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபேனை என்ன செய்வது? அதை நிறுத்தினால் நெருப்பு பிடிக்கும்.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. சத்தம் ஃபேனிலிருந்து வருகிறது. ஃபேன் சூட்டுக்காக இருக்கிறது. சூடு கரன்டிலிருந்து வருகிறது. ஆகவே ஃபேனோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, முதலிலேயே வாட் குறைந்த, அதாவது கரன்ட் குறைவாகக் குடிக்கும் மெஷினாகப் பார்க்க வேண்டும். கடையின் பின்னறையில் ஸ்க்ரீன் உடைந்த பழைய லேப்டாப் ஒன்று கிடந்தது. பேட்டரியில் ஓடுவதற்கென்றே செய்தது, ஃபேன் கிடையாது, பவர் சப்ளை வெளியே தனி அடாப்டர். ஒரு பக்கம் மோடம், மறுபக்கம் ஒரு நெட்வொர்க் கார்டு, அவ்வளவுதான் தேவை.

ஏர்கான் போட்ட கடையில் ஓடுவது பெரிதில்லை, ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டின் மத்தியான வெயிலில் ஓட வேண்டும். இரண்டு நாள் ஏர்கானை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தி ஓடவிட்டேன்.

“இது கம்ப்யூட்டர் கடையா, ரொட்டி அடுப்பா?” என்று தாஸ் அண்ணன் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டார். மூன்றாம் நாள் லேப்டாப்பில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “செத்துப் போச்சா? லைட்டு மட்டும் எரியுது,” என்றார். அண்ணன் விழுந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

5. அவர் கூப்பிடவில்லை

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கொண்டுபோய் மாட்டினேன். வீட்டில் சீலிங் ஃபேன் சுற்றுவதும் கீழே பாசார் சந்தையில் பேரம் பேசுவதும் தெளிவாகக் கேட்டது. அக்காவுக்கு நிம்மதி. நான் கட்டிலருகே போய், “அண்ணே, ஒரு தடவ அக்காவக் கூப்பிடுங்க, டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்,” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். வாய் திறக்கவில்லை. களைப்பு என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனேன். ஃபயர்வாலின் பதிவேடான லாகைப் படித்தேன். வெளியிலிருந்து எத்தனையோ பேர் தட்டிப் பார்த்திருந்தார்கள், ஒருவர்கூட உள்ளே வரவில்லை. அக்காவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை.

“வந்ததுலேருந்து அண்ணன் என்னக் கூப்பிடுறதே இல்ல தங்கச்சி. சாமி மேடை மணிய எடுத்துக் கைகிட்ட வச்சேன், அதையும் தொடல. எதாச்சும் வேணுமான்னு நானே பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி எழுந்து போயிப் பாக்குறேன். கேட்டா தலைய மட்டும் ஆட்டுறாரு.”

அக்கா சமையலறைக்குப் போனதும் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அண்ணே, ஏன் கூப்பிட மாட்டேங்கிறீங்க? இப்ப சத்தமே இல்ல. நல்லா கேக்கும்.”

அவர் உதடு மெதுவாக அசைந்தது. குனிந்து கேட்டேன்.

“அன்னிக்கும் நீ இதத்தான் சொன்னே.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

“காதுல விழலியேன்னு அவ இன்னும் அழுவுறா. நான் கூப்பிடாம இருந்தா, கேக்கலன்னு அழ வேணாம்ல.”

மெஷினில் கோளாறு என்றால் மாற்று மெஷின் வைக்கலாம். இதற்கு நான் எதை மாற்றுவது? “அப்படி இல்லண்ணே” என்று ஏதோ உளறினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து ஒரு முற்பகலில் அவர் போய்விட்டார். அக்கா அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தார், கதவு திறந்துதான் இருந்தது. மார்பு வலி வந்திருக்கும் என்றார் டாக்டர், கொஞ்ச நேரம் துடித்திருப்பாராம். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு வந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

துக்கத்துக்குப் போனபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும் விமலா. வீட்ல ஒரு சத்தமும் இல்ல. நான் காதக் குடுத்துட்டேதான் இருந்தேன்.”

அவர் ஏன் கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆறுதலாக இருக்குமா, இன்னும் கொல்லுமா என்று எனக்குப் புரியவில்லை. அக்காவும் இப்போது இல்லை, இனி அந்தக் கேள்விக்குப் பதிலும் இல்லை.

டைப்பிங் வேலை போகவில்லை. அந்த லேப்டாப் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது. வேலையில் நான் செய்தவற்றிலேயே குறையில்லாத வேலை அதுதான் என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் அப்படிச் சொல்பவரிடம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வீட்டில் வைக்கும் பெட்டிக்கு முதலில் வாட்டைப் பாருங்கள், வேகத்தைப் பிறகு பார்க்கலாம். ஃபேன் இல்லாமல் ஓடுமா என்று ஏர்கான் இல்லாத இடத்தில் சோதியுங்கள். உங்கள் காதை நம்பாதீர்கள், அந்த வீட்டில் இருப்பவர்களின் காதைக் கேளுங்கள். “இரையுதே” என்று அவர்கள் சொன்னால் பதில் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வாருங்கள். முதல் நாளே செய்ய வேண்டிய வேலை அது. நான் இரண்டாவது தடவை எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். அதற்குள் அந்த மனிதர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.