பவானி டீச்சரின் தண்ணீர் பாட்டில்

சகாய ஆனந்துக்குப் பொறாமை வந்தால் முதலில் சோறு இறங்காது. பவானி டீச்சர் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவன் டிபன் பாக்ஸில் பாதியை நான்தான் காலி செய்கிறேன். கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் பள்ளியில் அவன் உயிரியல், நான் கணக்கு. பிளஸ் டூ உயிரியல் என்றைக்கும் அவனுடையது. மீன் மார்க்கெட்டில்கூட அவனை 'பிளஸ் டூ சார்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

பவானி டீச்சர் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வந்த கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். தலைமை சிஸ்டர் இருவரையும் ஆளுக்கொரு செக்‌ஷனில் ஒரே பாடம் நடத்தச் சொன்னார். பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் பிளஸ் டூ யாருக்கு என்று முடிவு செய்வாராம். பாடம், சவ்வூடு பரவல்.

சகாயம் வழக்கம்போல் போர்டில் படம் போட்டு ஒப்பேற்ற இருந்தான். பவானி சோதனையே செய்து காட்டப்போகிறார் என்று தெரிந்ததும் அவனுக்கு வயிறு எரிந்தது. பாடம் நடத்தும் நாள் காலையிலேயே லேபுக்குப் போய் டிஸ்டில்ட் வாட்டர் கேனைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தான். நான் திட்டினேன். "நீ சும்மா இரு மச்சான்" என்றான்.

கேன் காலி என்றதும் பவானி பதறவில்லை. எங்கள் பள்ளி போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்பதால், அவர் குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவார். அதை ஒரு டெஸ்ட் டியூபில் ஊற்றினார், இன்னொன்றில் சலைன் என்கிற உப்புக் கரைசல். விரலைக் குத்தி இரண்டிலும் ரத்தம் விட்டார். சலைனில் அது கலங்கலாகவே நின்றது. தண்ணீரில் விட்டது தெளிந்து, பின்னால் வைத்த புத்தகத்தின் எழுத்து தெரிந்தது. சிவப்பணுவுக்குள் உப்பு அதிகம், அதனால் வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே புகுந்து அணு உப்பி வெடித்துவிட்டது என்றார். கைதட்டல் ஸ்டாஃப் ரூம்வரை கேட்டது.

அடுத்த பீரியட் சகாயம். பின்னால் சிஸ்டரும் பவானியும். அந்த செக்‌ஷன் பிள்ளைகள் தங்களுக்கும் செய்து காட்டச் சொன்னார்கள். வீம்புக்குச் சரி என்று, போர் தண்ணீரைப் பிடித்து ரத்தம் விட்டான். தெளியவில்லை. இன்னொரு விரலையும் குத்தினான். அதுவும் கலங்கலாகவே நின்றது.

பவானி எழுந்து வந்து பாட்டிலை நீட்டினார். "சார், இங்க தண்ணில உப்பு ஜாஸ்தி. இத ஊத்திக்கோங்க."

"எனக்கு யாரு தண்ணியும் வேணாம்" என்றான். மணி அடித்தது.

பிளஸ் டூ பவானிக்குப் போனது. ஜூன் மாதம் அதே பாடம். எங்கள் இருவருக்கும் பீரியட் இல்லாததால் பக்கத்து அறையில் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தோம். அவர் குரல் சுவரைத் தாண்டி வந்தது. சுற்றிலும் உப்புத் தண்ணீர் இருந்தால் அணு உடையாது, அதை நம் ஸ்கூல் தண்ணீரிலேயே காட்டியவர் சகாய ஆனந்த் சார் என்று சொல்லி, அவருக்காகக் கைதட்டச் சொன்னார். பிள்ளைகள் பலமாகவே தட்டினார்கள்.

சகாயம் எடுத்த கவளத்தை அப்படியே வைத்தான்.

"எனக்கு வர்ற கைதட்டலக்கூட அந்தப் பொண்ணுதான் வாங்கிக் குடுக்குது மச்சான்" என்று டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினான். அன்றைக்கு முழுசையும் நான்தான் சாப்பிட்டேன்.