ஆர்டித் இறக்கிய கொடி

மறுநாள் காலையில் நீதிமன்றம் போக வேண்டும். லேதன் பிண்டர் தன் அண்ணி ஆர்டித்தின் சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதே பேச்சை மூன்றாவது தடவையாக ஆரம்பித்தான்.

"ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி. கொடி மேல இருந்துச்சு. கூண்டுல அத மட்டும் சொல்லிட்டு எறங்கி வந்துடுங்க."

"எத்தன வாட்டிடா சொல்லுவ? நான் என்ன ஒன்னாங்கிளாஸ் புள்ளையா?"

"நீங்க எதையாவது சேத்துப் பேசுவீங்க. உப்பு இருக்கான்னு கேட்டா மீன் வாங்கப் போன கதையச் சொல்ற ஆளுன்னு அண்ணனே சொல்லுவாரே."

ஆர்டித்துக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றும் போனது. அவள் கணவன் கார்னெட் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

மாரத்தான் தீவில் பிறந்தும் கடலுக்குள் முங்காத சிலரில் அவள் ஒருத்தி. சின்ன வயதிலேயே செவிப்பறை கிழிந்துவிட்டது. இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஜூலைக் கடைசியில் எல்லோரும் சிங்கி இறால் பிடிக்கலாம் என்று கடலைத் திறந்துவிடும் அந்த இரண்டு நாளும் கார்னெட்டோடு படகில் போவாள். அவன் முங்குவான். அவள் படகில் நின்று கொடியைப் பார்த்துக்கொள்வாள். குறுக்கே வெள்ளைப் பட்டை போட்ட சிவப்புக் கொடி. அது பறந்தால் கீழே ஆள் இருக்கிறது, வேகத்தைக் குறை என்று அர்த்தம்.

கார்னெட் மின்கம்பம் ஏறுகிறவன். சட்டம் என்றால் அவனுக்குச் சட்டம்தான். ஒவ்வொரு இறாலையும் தண்ணீருக்குள்ளேயே அளந்து பார்ப்பான். மேலோடு மூன்று அங்குலத்தைத் தாண்டாவிட்டால் அங்கேயே விட்டுவிடுவான். "கார்னெட் புடிக்கிற இறாலுக்கெல்லாம் பொறந்த சர்டிபிகேட் இருக்கும்" என்று படகுத்துறையில் கேலி பேசுவார்கள். கொடி விஷயத்திலும் அப்படித்தான். "ஆளு மேல வந்தாச்சுன்னா கொடி கீழ வரணும், ஆர்டித். சும்மா பறக்குற கொடிய நாலு தடவ பாத்தவன் அஞ்சாவது தடவ நம்ப மாட்டான்."

அதனால் அவன் தலை தெரிந்து, கை ஏணியைப் பிடித்ததும் கொடியை இறக்கிவிடுவது அவளுக்குப் பழக்கம்.

அவன் இறந்த அன்றும் இறக்கினாள். அவன் பையைத் தூக்கிக் கொடுத்தான். ஆறு இறால், ஒரு ஆளுக்கு அவ்வளவுதான். ஐஸ் பெட்டியில் போடப் போனபோது ஒன்றின் வால் அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை அப்பியிருந்தது.

"இது சினை, கார்னெட்."

"அடடா, பாக்காம விட்டுட்டேனே. குடு இங்க."

"இங்கேருந்தே தண்ணியில போட்டுட்டா என்ன?"

"அடிக்குப் போறதுக்குள்ள ஏதாவது தின்னுடும். பொந்துலயே விட்டுட்டு வரேன். ஒரு மூச்சுதான்."

அவன் முங்கினான். கொடி அவள் காலடியில் கிடந்தது. ஒரு மூச்சுதானே என்று அவள் ஐஸ் பெட்டியின் பக்கம் குனிந்தாள்.

வேறொரு படகு மேற்கிலிருந்து வந்தது. ஓட்டியவர் டெரல் விக்கர்ஸ், தொலைவில் ஒகாலா ஊரில் வீடுகளுக்குக் கூரை போடுகிறவர், கூட மகள். சத்தம் கேட்டு ஆர்டித் நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உதவிக்கு இன்னும் நாலைந்து படகுகள் பாய்ந்து வந்தன. அவையும் அவன்மேல் ஏறிவிடக் கூடாதே என்றுதான் அவள் கொடியை ஏற்றினாள். காவலர்கள் வந்தபோது அது பறந்துகொண்டிருந்தது. "கொடி பறந்துச்சாம்மா?" என்றார் ஒருவர். ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள். இரண்டு நாள் கழித்து அந்தத் தலையாட்டல் வாக்குமூலமாகத் தட்டச்சாகி வந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

கொடியே இல்லை என்று விக்கர்ஸ் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தீவில் ஒருவரும் நம்பவில்லை. கார்னெட் படகில் கொடி இல்லாமலா?

பொய் சொன்னோமா என்று ஏழு மாதமாக அவள் தன்னையே கேட்டுப் பார்த்துவிட்டாள். கொடி பறந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் கேட்டது அதை இல்லை என்பது அப்போதே அவளுக்குத் தெரியும். விக்கர்ஸ் சிறைக்குப் போனால் கணக்கு யார்மேலோ எழுதப்பட்டு முடிந்துவிடும், தன்மேல் வராது. அந்த நிம்மதிக்குத் தான் ஆசைப்பட்டதும் அவளுக்குத் தெரியும்.

சாட்சிக் கூண்டில் அரசு வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார். "படகு வந்தப்போ கொடி மேல இருந்துச்சா, திருமதி பிண்டர்?"

"இல்ல. நான் எறக்கிட்டேன். அடிபட்டப்புறம்தான் ஏத்துனேன்."

வக்கீல் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஆர்டித் லேதனைப் பார்க்கவில்லை. சினை இறாலைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார்கள். "பயமா இருந்துச்சு" என்றாள்.

வெளியே கார் நிறுத்தத்தில் லேதன் நின்றுகொண்டிருந்தான்.

"அவன் தப்பிச்சிடுவான். சந்தோஷமா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"உங்க அண்ணன் செத்தது அந்த மனுஷனால மட்டும் இல்லடா. அத எத்தன நாளைக்கு நான் மட்டும் தெரிஞ்சு வச்சிருக்கறது?"

"இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு. உங்க மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது, சொல்லுங்க." அவன் கார்ச் சாவியை எடுத்தான். "ஏறுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல அண்ணி. பஸ்ல வந்துடுங்க."

கார் போய்விட்டது. பேருந்து நிறுத்தத்தின் சின்னக் கூரைக்கடியில் அவள் நின்றாள். சற்று நேரத்தில் விக்கர்ஸ் வந்தார், தொப்பி கையில். மகள் தள்ளியே நின்றாள்.

"அம்மா, உங்களுக்கு நான்…"

"நன்றியெல்லாம் வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கொடி இருந்திருந்தா வேகத்தக் கொறச்சிருப்பீங்களா?"

அவர் உடனே ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"தெரியலம்மா. அன்னிக்கு அந்த வழியில நெறைய கொடி இருந்துச்சு. எல்லாத்துக்கும் நான் கொறைக்கல."

ஆர்டித் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றிருந்தால் கணக்கு தன்மேல்தான் என்றாவது முடிந்திருக்கும். கேட்டிருக்கவே வேண்டாமோ என்று அப்போதுதான் தோன்றியது.