வேகன் வாசலில் ஒரு சும்மாடு

வெயிலில் காய்ந்து கிடக்கும் இரும்புத் தகட்டின் மேல் ஈரச் சாணியை அப்பினால் ஒரு வாசனை எழும். தொழுவத்தில் வருகிற வாசனை அல்ல அது. துருவும் சூடும் புளித்த தண்ணீரும் கலந்து மூக்கின் உச்சியில் போய் ஏறிக்கொள்ளும், லேசில் இறங்காது. நான் சிறுமியாக இருந்தபோது என் அம்மா அஞ்சலையின் கையில் எப்போதும் அந்த வாசனைதான். சோறு பிசைந்து தரும்போதும் அதுதான், தலை பின்னிவிடும்போதும் அதுதான்.

அம்மாவுக்குத் திண்டிவனம் கூட்ஸ் ஷெட்டில் வேலை. மீட்டர்கேஜ் பாதை இருந்த காலம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடை முடிந்ததும் உடைத்த பருப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டுக்கு வரும். நாலு சக்கர மூடு வேகன்களில் ஏற்றி வடக்கே அனுப்புவார்கள். அந்த வேகன்களை இன்றைக்குப் படத்தில் பார்க்கிறவர்கள் "எவ்வளவு அழகு" என்கிறார்கள். அழகாம். கதவும் சட்டமும் ஒன்றோடொன்று பொருந்தாது, விரல் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டிருக்கும். வழியில் மழை பிடித்துத் தண்ணீர் உள்ளே இறங்கினால் பருப்பு முழுக்கப் பூசணம் பூத்துவிடும். அதனால் மூட்டை ஏற்றுவதற்கு முன்னால் சாக்குக் கிழிசலைச் சந்தில் திணித்து, மேலே சாணியும் களிமண்ணும் குழைத்து அப்ப வேண்டும். "சந்து மெழுகுறது" என்று அதற்குப் பெயர். சாணியில் கை வைக்க யார் வருவார்கள்? எங்கள் காலனிப் பெண்கள்தான். பருப்பு மூட்டையைத் தொடக்கூடாது, குடிதண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது, ஆனால் வேகனைச் சாணியால் மெழுகித் தர அவர்கள் வேண்டும். அந்த நியாயத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு வேகனுக்கு இரண்டு பக்கமும் கதவு உண்டு. ஷெட்டை ஒட்டிய பக்கம் மூட்டை ஏறி முடிந்தபின் அதை வெளியிலிருந்து மெழுகலாம். தண்டவாளப் பக்கத்துக் கதவை முதலிலேயே பூட்டிவிடுவார்கள். அதை உள்ளே போய், இருட்டில் குந்திக்கொண்டு, உள்பக்கமிருந்துதான் மெழுக வேண்டும். வெயிலில் அந்த இரும்புப் பெட்டிக்குள் அரைமணி இருந்தால் புடவை நனைந்து ஒட்டிவிடும். எனவே அந்தப் பெண்கள் தங்களுக்குள்ளாக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவள் தன் தலைச் சும்மாட்டை, அதாவது கூடை வைப்பதற்காகச் சுருட்டிய துணியை, வேகனின் வாசற்படியில் வைத்துவிட்டுத்தான் ஏறுவாள். சும்மாடு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அது இருக்கும்வரை யாரும் கதவைத் தொட மாட்டார்கள். மூட்டை தூக்கும் ஆண்களுக்குத் தெரியும், மண்டி முதலாளியின் மேஸ்திரிக்கும் தெரியும். தெரியாது என்று அவர் பிறகு சொன்னாரே, அது பச்சைப் பொய்.

அது சித்திரை மாதம், பள்ளிக்கூடம் விடுமுறை. மதியம் அம்மாவுக்குக் கேப்பங்கூழ் எடுத்துக்கொண்டு போனேன். ஷெட்டில் ஒரே இரைச்சல். என்ஜின் ஒன்று வந்து, வரிசையின் கடைசியில் நின்ற வேகனை இழுத்துக்கொண்டு போய் ஒரு கூட்ஸில் கோத்திருந்தது. சக்கரத்து ஸ்பிரிங் உடைந்திருப்பது அன்றைக்குத்தான் தெரியவந்த "சிக்கு வண்டி" அது, விழுப்புரத்தில் பழுது பார்க்கப் போகிறது என்றார்கள். அந்தக் கூட்ஸ் புறப்பட்டும் போய்விட்டது. அம்மாவைத் தேடினேன், காணோம். காலியாகிவிட்ட அந்த இடத்தில், ஜல்லிக்கல்லின் மேல், ஒரு சும்மாடு பிரிந்து கிடந்தது. என் பழைய பச்சைப் பாவாடையைக் கிழித்து அம்மா சுருட்டியது. அதில் கறுப்பாக வண்டி மசையை யாரோ துடைத்திருந்தார்கள்.

பக்கத்து வேகனில் மெழுகிக்கொண்டிருந்த பவுனு அத்தை அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மேஸ்திரிதான் ஜல்தி ஜல்தின்னு வந்து அத்த எடுத்துக் கையத் தொடச்சிக்கினே கதவ இழுத்து மூடினாரு. நீ எறங்கிட்டேன்னு நெனச்சேனே அஞ்சல" என்று, அங்கே இல்லாத என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா அதே ஷெட்டில் உர மூட்டை தூக்குகிறவர், பருப்பு மூட்டையை அவரும் தொடக்கூடாது. அவர் போய் மேஸ்திரியைக் கேட்டார். "எங்கனா நெழல்ல ஒக்காந்துக்கினு இருப்பாப்பா, வருவா. பேஜாரு பண்ணாத" என்றார் மேஸ்திரி. ஷெட்டைச் சுற்றிச் சுற்றித் தேடியதில் நேரம் போனது. கடைசியில் பவுனு அத்தை போட்ட சத்தத்தில் மேஸ்திரிக்கே முகம் வெளுத்து, ஸ்டேஷனுக்கு ஓடினார். ஸ்டேஷனில் இருந்தவர்கள் உடனே விழுப்புரத்துக்குப் போன் பேசினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் வண்டி மயிலம் தாண்டிவிட்டிருந்தது. அப்பாவும் நானும் மேஸ்திரியும் பஸ் ஏறினோம். கூழ்ச் சட்டியை நான் மடியிலேயே வைத்திருந்தேன். கீழே வைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

நாங்கள் விழுப்புரம் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்ஸ் இன்னும் வரவில்லை. உள்ளே வரப் பாதை காலி இல்லாமல் வெளியே சிக்னலில், வெட்டவெளி வெயிலில் நின்றுகொண்டிருந்ததாம். வந்ததும் ரயில்வே ஆள் ஒருவர் ஓடிப்போய்க் கொண்டியைத் தட்டிக் கதவை இழுத்தார். திறந்த கதவின் உள்பக்கம் முழுக்கக் கைகள். ஐந்து விரலும் பதிந்த சாணிக் கைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, தட்டித் தட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே முழங்கால் உயரம்வரைக்கும். எதிர்ப்பக்கத்துக் கதவில், தான் மெழுகி அடைத்த சந்தையே நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒரு சாண் நீளத்துக்குத் திறந்துவிட்டு, அதில் வாயை வைத்துக்கொண்டு அம்மா கிடந்தாள். அவள் அத்தனை நன்றாக மெழுகியிருக்காவிட்டால் அவ்வளவு சுரண்ட வேண்டியிருந்திருக்காது என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். வேலையைச் சுத்தமாகச் செய்ததற்குக் கிடைத்த கூலி.

அம்மா தானாகவே இறங்கினாள். அப்பா நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. ரயில்வேக்காரர் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தாள், மீதியை முகத்தில் ஊற்றிக்கொண்டாள். கூட்டம் கூடிவிட்டது. யாரோ "எப்படிம்மா உள்ள மாட்டிக்கினே" என்று கேட்டார்கள். அதற்கு மேஸ்திரி முந்திக்கொண்டு பதில் சொன்னார். "மல்லாட்ட திருடறதுக்கு உள்ள பூந்திருப்பாங்க, இதுங்களுக்கு வேற இன்னா வேல" என்றார்.

அது காலி வேகன். ஒரு மல்லாட்டைத் தோல்கூட உள்ளே கிடையாது. அங்கே நின்ற அத்தனை பேரும் காலி வேகனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டார்கள். ஒருத்தராவது "எதைய்யா திருடுவா" என்று கேட்க வேண்டாமா? அப்பாவும் கேட்கவில்லை. மறுநாள் அதே மேஸ்திரியிடம் மூட்டை தூக்கப் போக வேண்டுமே என்று அவர் வாயை மூடிக்கொண்டார். அவர் நிலைமை எனக்குப் புரிகிறது. புரிந்தும் மனசு ஆறவில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் வருடங்களாகிவிட்டன, இன்னும் ஆறவில்லை.

அதுவரை மேஸ்திரியை "ங்க" போடாமல் பேசியே அறியாத அம்மா, அன்றைக்கு அவரை ஒருமையில் கேட்டாள்: "படியில சும்மாடு இருந்திச்சே. பாத்துட்டுத்தானே எடுத்த?"

"ஏதோ கந்தத்துணின்னு நெனச்சேன்" என்றார் அவர்.

அவ்வளவுதான். விசாரணையும் இல்லை, ஒரு மன்னிப்பும் இல்லை. "வம்பு புடிச்ச பொம்பள" என்று அம்மாவை மட்டும் ஷெட்டிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு அவள் களை பறிக்கவும் நாற்று நடவும் போனாள், வெட்டவெளி வேலையாகப் பார்த்துப் போனாள். எங்கள் வீட்டில் பகலில் கதவு சாத்துவதில்லை. குளிக்கும்போதுகூட அவள் தாழ்ப்பாள் போட மாட்டாள். புடவையைக் குறுக்கே தொங்கவிட்டுக்கொள்வாள். இப்போது எண்பதை நெருங்குகிறாள், இன்னமும் அப்படித்தான்.

நான் படித்து விழுப்புரத்தில் டிராயிங் டீச்சர் ஆனேன். ரயில் மாடல் செய்யும் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்பவர்களுக்கு, சின்ன வயதில் ரயில் பார்த்து வளர்ந்தேன் என்று சொல்லி வைப்பேன். எதற்கு ஊருக்கெல்லாம் கதை சொல்வது. மீட்டர்கேஜைப் பிடுங்கிப் போட்ட சமயத்தில், சக்கரம் கழற்றி யார்டு ஓரம் தள்ளியிருந்த அதே ரக வேகன் ஒன்றை, அனுமதி வாங்கி, ஒவ்வொரு சட்டமாக அளந்து வரைந்துகொண்டேன். அசலில் ஓர் அடி என்றால் என் மாடலில் முக்கால் அங்குலம். ரிவிட் ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். மீட்டர்கேஜ் வேகனுக்கு நடுவில், அடுத்த வண்டி மோதுவதைத் தாங்க, ஒரே ஒரு பஃபர்தான். அகலப்பாதை வண்டியைப் பார்த்து இரண்டு பக்கமும் இரண்டு பஃபர் ஒட்டிவிட்டு "மீட்டர்கேஜ்" என்று பெயர்ப்பலகை வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மாடல் என்றால் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொம்மைக்கடைக்குப் போகலாம்.

போன வருடம் இங்கே ரயில் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய ரயில் கண்காட்சி வைத்தார்கள். மூடு வேகன் ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்டார்கள். அம்மாவின் வேகனைச் செய்தேன். தண்டவாளப் பக்கத்துக் கதவின் உள்ளே சாணி மெழுகல், அதில் சுரண்டிய சந்து, ஷெட் பக்கத்துக் கதவின் உள்பக்கம் முழுக்கக் கைகள். அந்தக் கைகளை எறும்பு சைஸ் தூரிகையால் ஒவ்வொன்றாக எழுதினேன். கதவைப் பாதி திறந்து வைத்து, வாசற்படியில் பச்சைத் துணியில் சுருட்டிய சும்மாடு ஒன்றையும் ஒட்டினேன். பொறுப்பாளராக இருந்த பையனை உட்காரவைத்து, எது எதற்காக இருக்கிறது, கதவை ஏன் மூடக்கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். "சூப்பர் டீச்சர், நான் பாத்துக்கிறேன்" என்றான்.

திறப்பு விழாவுக்கு அம்மாவை ஆட்டோவில் அழைத்துப் போனேன். அந்த நாளுக்கு அப்புறம் எந்த வேகன் பக்கமும் போகாதவள், நான் செய்தது என்பதற்காக வந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். வேகன் பளபளவென்று இருந்தது. கதவை மூடிப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். படியில் சும்மாடு இல்லை.

"கதவு தொறந்திருந்தா ஃபோட்டோவுல நல்லா இல்ல டீச்சர். ரயில்வே டிராயிங்லயும் மூடித்தான இருக்கு" என்றான் பையன்.

"படியில ஒண்ணு இருந்ததே, அது எங்கே?"

"அதுவா? ஏதோ பஞ்சு ஒட்டிக்கினு இருந்துது, எடுத்துட்டோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கண்ணாடியில் கை வைத்துவிட்டாள். உரக்கக்கூடப் பேசவில்லை. "கதவத் தொறக்கச் சொல்லு" என்றாள்.

ஆர்வலர்கள் ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். விழா முடியட்டும் என்றார்கள், பசை காய்ந்துவிட்டது, மாடல் வீணாகிவிடும் என்றார்கள். நான் எதையும் காதில் வாங்கவில்லை. கண்ணாடியைத் தூக்கச் சொன்னேன். பையில் எப்போதும் இருக்கிற பிளேடை எடுத்துச் சந்தில் விட்டுக் கீறினேன். பெயின்ட் உரிந்து வந்தது, ஒரு கீல் முறிந்தது, கதவு சாய்ந்து தொங்கியது. உள்ளே கைகள் அப்படியே இருந்தன. அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இன்னும் கீழயும் தட்டினேன்" என்றாள். அப்புறம் "எடுத்துக்கோ, போலாம்" என்றாள்.

இப்போது திண்டிவனத்தில் அந்த ஷெட் இல்லை, மீட்டர்கேஜ் இல்லை, நாலு சக்கர வேகனும் இல்லை. மல்லாட்டை லாரியில் போகிறது. போகட்டும், எனக்கு அதிலெல்லாம் ஒரு வருத்தமும் கிடையாது. வேகன் எங்கள் வீட்டில் பீரோவின் மேல் இருக்கிறது. அம்மா சொன்ன இடத்தில், தரையை ஒட்டி, இன்னும் இரண்டு கை எழுதிச் சேர்த்தேன். முறிந்த கீலால் கதவு இனி மூடாது. பார்க்க வருகிற மாடல்காரர்கள் அதைச் சரிசெய்து தரவா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறேன்.