ஜமால் பாய் போட்ட மூடி

செவ்வாய்க்கிழமை காலை, சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு பூக்கடையின் பின்புறம் தண்ணீர் தேங்கிய வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஜமால் பாயின் மகள் அழைத்தார். "அத்தா மௌத்தாயிட்டாங்க, அங்கிள். ஹார்ட் அட்டாக்." கையிலிருந்த வாளியை எங்கே வைத்தேன் என்று இப்போதும் நினைவில்லை.

வீடு வீடாகக் கொசுப்புழு தேடும் எங்கள் வேலையில் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் என் கூட்டாளி. குடை மட்டும் கொண்டுவரமாட்டார். என் குடையில் முக்கால்வாசி அவருக்குத்தான். கொட்டும் மழையில் எல்லோரும் கொசுவுக்குப் பயந்தால் அவர் நிம்மதியாக, நுரைபொங்க ஆற்றிய தே தாரிக் குடிப்பார். "பேய்மழை புழுவை அடிச்சிட்டுப் போயிடும் லா. தூறி, வெயிலடிச்சு, மறுபடி தூறினாத்தான் பிரச்சினை. சூடு ஏறுனா புழு சீக்கிரமே கொசுவாயிடும்."

ஒரு வருடம் வாரக்கணக்கில் மழையே இல்லை. குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறைச் சன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் கழிகளைச் செருகும் குழாய்களின் மூடிகள் உடைந்துபோயிருந்தன. காய்ந்த குழாயில் என்ன வரப்போகிறது என்று விட்டுவிட்டேன். கொசு முட்டை காய்ந்த இடத்திலும் மாதக்கணக்கில் மழைக்காகக் காத்திருக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். ஒரு மாலை தூறியது, பிறகு வெயில் கொளுத்தியது. மூன்றாவது வாரம் என் மனைவி லதா டெங்கிக் காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்தாள். இரத்தத் தட்டணுக்கள் நாளுக்கு நாள் இறங்கின. எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு மாற்றுத்துணி எடுத்துவர எங்கள் வீட்டுக்குப் போன ஜமால் பாய், திரும்பி வந்து என்னைத் தனியே அழைத்தார்.

"குழாய்ல புழு இருந்துச்சு. சுத்தம் பண்ணிட்டு புது மூடி போட்டுட்டேன். லதாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

திட்டியிருக்கலாம். தோளில் கைவைத்துவிட்டுப் போனார். லதா பிழைத்து வந்தாள், நான் சொல்லவில்லை. அவரும் துருவிக் கேட்டதில்லை. மழை இல்லாத வாரங்களில் மட்டும், "மூடி இருக்கா?" என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பியதும் லதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சன்னலைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிலேருந்து வந்து முதல் தடவை துணி காயப்போட்டப்பவே தெரியும். மூடியெல்லாம் புதுசா இருந்துச்சு. நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

வெளியே தூறத் தொடங்கியிருந்தது. போய் வாருங்கள், ஜமால் பாய். சொல்லிவிட்டேன். மூடியும் இருக்கிறது.