இரண்டாம் பாகத்தில் ஒரே பொத்தான்

ஜப்பான் கார்ட்டூன் கதையை வைத்து வந்த சண்டை விளையாட்டு அது. படப்பையில் என் வாடகை அறையில், ஞாயிறு மதியங்களில் நானும் குமாரும் கம்ப்யூட்டரில் ஆடுவோம். குமார் பக்கத்து வல்லத்துக்காரன், நான் தெற்கத்திக்காரன். கம்பெனியில் தகடு அழுத்தும் ஒரே பிரஸ் மெஷின்தான் இருவருக்கும். எனக்குக் காலை ஷிப்ட், அவனுக்கு மதியம்.

முதல் பாகத்தில் பெரிய அடி கொடுக்க, இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டாம் பாகத்தில் ஒன்றே போதும்.

"மொத பார்ட்டுதான் மச்சி கெத்து. இதுல இன்னா கீது, சும்மா தட்டிக்கினே இருக்கணும்" என்பான் குமார்.

"வேகந்தாம்ல முக்கியம்" என்பேன் நான்.

எங்கள் மெஷினிலும் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையும் வெளியே இருந்து அவற்றைச் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். டார்கெட் எட்டவில்லை என்று சூப்பர்வைசர் கத்திய ஒரு நாள், இடது பொத்தானை அழுத்தி டேப் ஒட்டிவிட்டேன். வலது கை தட்ட, இடது கை தகடு வைத்தது. ஷிப்ட் மாற வந்த குமாரிடம் காட்டினேன்.

"பாத்தியால, ரெண்டாம் பாகம்!"

அவன் சிரிக்கவில்லை. "வேணாம் மச்சி, பிச்சுடு."

பின்னால் நின்ற சூப்பர்வைசர், "இருக்கட்டும், இப்படியே ஓட்டு" என்றார். என் தோளையும் தட்டினார். நான் டேப்பைப் பிரிக்காமலே பஸ் பிடிக்கப் போனேன்.

அன்று குமாரின் இடது கையில் நான்கு விரல்கள் போயின.

மாதங்கள் கழித்து அறைக்கு வந்தான். அவனுக்குப் பிடிக்குமே என்று முதல் பாகத்தைப் போட்டேன்.

"அத எடுத்துடு மச்சி. இனிமே எனக்கு ரெண்டாவதுதான்."

ஒற்றைக் கையால் தட்டினான். ஒவ்வொரு தட்டலுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். டேப் ஒட்டிய கையால்தான் இன்றும் சோறு பிசைகிறேன்.